கொழுந்துச் சோதனை

— நூத்துக்கு ரெண்டு புள்ளிங்களா மாஸ்டர்? எந்தப் பாடத்துலங்க?

— கொழுந்து பறிக்கிற பாடத்துல. அதாவது வேலாயி, அந்த ரெண்டும் கூடையக் கவுக்காம வச்சதுக்கு. கணக்கு, விஞ்ஞானம் எல்லாத்துலயும் ஒன் மக பூரணிதான் மொதல். கொழுந்துல கடைசி. ஒங்க பரம்பரைக்கே அவமானம்.

— இதெல்லாம் ஒரு பாடமா? எங்களுக்கு எவன் படிச்சுக் குடுத்தான்? கங்காணி தொண்டையத் தொறந்தாரு, நாங்க கத்துக்கிட்டோம்.

— அது அப்ப. இப்ப வெள்ளக்காரத் தொர போயி அரசாங்கத் தொர வந்தாச்சு. அதாவது புதுத் திட்டம். பள்ளிக்கூடத்துல இருக்கும்போதே ஒரு தொழிலும் படிக்கணும். கடலோரத்துக்கு மீன்பிடி, நமக்குத் தேயில.

— ஓஹோ! விடிஞ்சா பெரட்டுக்களத்துல எங்கள வரிசையா நிப்பாட்டி மலைக்கு வெரட்டுறாங்க. அது பத்தாதுன்னு பள்ளிக்கூடத்துக்குள்ளயே பெரட்டு வச்சிட்டீங்களா?

— வாயப் பாரு.

— கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். புள்ளைங்க பறிச்ச கொழுந்து எங்கங்க போச்சு?

— தேயில அரைக்கிற ஸ்டோருக்கு. வேற எங்க?

— எங்களுக்காவது கூலி. அதுங்களுக்குப் புள்ளி. நல்ல திட்டந்தான், தொரைக்கு.

— அதாவது நான் சொல்ல வந்ததே வேற. புள்ளி போட்டது நானில்ல, மலையில வேல பாக்க வைக்கிற நம்ம கண்டாக்கையா. ஒன் மக கூடையப் பாத்துட்டு மனுசன் தலையில கை வச்சிட்டாரு. முத்தின எல, குச்சி, பாதிக்குப் பாதி களை. 'கொழுந்தா இது, ஆட்டுத் தீனியா?'ன்னு கேட்டாரு. எல்லாப் புள்ளைங்களும் சிரிச்சிருச்சுங்க.

— ஐயோ சாமி! அப்ப அவளுக்குத் தோட்டத்துல பேர் பதியுறது?

— எங்க பதியுறது? பாஸ் பண்ணுனதுக்கெல்லாம் வருசக் கடைசியில பேர் பதிஞ்சு, கூடையும் கையில குடுத்துருவாங்க. பூரணிக்கு அது இல்ல.

— என் பக்கத்து நெரையில வந்து நிப்பான்னு இருந்தேனே. இப்ப அவள என்னங்க செய்வீங்க?

— அதாவது, ஏதாவது ஒரு தொழில் கட்டாயம் படிச்சாகணும். தேயிலைக்கு லாயக்கில்லாததுங்கள டவுனு தொழில் கல்லூரிக்குத் தள்ளிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சனிக்கெழம சனிக்கெழம அட்டன் பஸ்ஸுல போவணும். கரண்டு வேல.

— பொட்டப்புள்ளைக்குக் கரண்டு வேலையா! லயத்து வீட்டுல மண்ணெண்ண வெளக்கோட குந்தியிருக்கோம். இவ கம்பி இழுத்து எதுல மாட்டுவா, கோழிக்கூட்டுலயா? இன்னொரு தடவ சோதன வைங்க மாஸ்டர். ஒங்க கால்ல விழுறேன்.

— ஏலாது. சொல்லுறதக் கேளு. அங்க எடுக்குற புள்ளி நம்ம பள்ளிக்கூடச் சோதனையிலயும் சேரும், அங்க தொழில் சேர்டிபிகட்டும் கெடைக்கும். ஒரே படிப்பு, ரெண்டு வரவு. தண்டனைன்னாலும் அதுல ஒரு நல்லது இருக்கா, இல்லியா?

— என்ன நல்லது? வேல கெடச்சு அவ கொழும்புக்குப் போயிட்டா எனக்கு யாரு கஞ்சி ஊத்துறது?

— போகட்டுமே! நீ என்ன, பெத்த புள்ளைய இந்த மலையிலயே கட்டிப்போடப் பாக்குற?

— படிச்சவங்க நீங்க என்னமும் சொல்லுவீங்க. நான் நாளைக்கே கண்டாக்கையாவப் பாத்து அழுவுறேன்.

— அழுது பிரயோசனம் இல்ல. பேரு மேலிடத்துக்குப் போயிருச்சு, டவுனுல எடமும் போட்டாச்சு. அதாவது அந்தோனியாரே எறங்கி வந்தாலும் மாத்த ஏலாது.

— நெசமாவா?

— இந்தப் பத்திநாதன் என்னைக்கு மாத்திப் பேசியிருக்கான்?

— என் தலவிதி. சரி, போயிட்டு வாங்க மாஸ்டர். பாத்து எறங்குங்க, படியெல்லாம் பாசி.

— அம்மா, மாஸ்டர் போயிட்டாரா?

— தண்ணிக் கானத் தாண்டிட்டாரு. வெளிய வா பூரணி. சிரிப்ப அடக்குடி, பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கேக்கப்போவுது.

— நீயே இன்னொரு தடவ சோதன கேட்டியே! அவரு சரின்னு சொல்லியிருந்தா?

— கெஞ்சுனாத்தான் அந்த மனுசன் பிடிச்சதுலயே நிப்பாரு. அது கெடக்கட்டும். கண்டாக்கையா பக்கத்துல நிக்கையில அவருக்குச் சந்தேகம் வரலியே?

— வரல. ஆனா எல்லாப் பாடத்தையும் விட இதுதாம்மா கஷ்டம். ஞாயித்துக்கெழம எல்லாம் ஒன் பேருல பறிச்சுக் குடுத்த கையாச்சே, முத்தின எலைக்கு இழுத்தாலும் தன்னால ரெண்டு எல ஒரு மொட்டுக்கே போவுது.