மூவாயிரத்து அறுநூற்று எண்பது எழுத்து

கம்ப்யூட்டர் அறைக்குள் நான் ஒருநாளும் செருப்போடு போனதில்லை. கே.கே. நகரில் நான் வேலை பார்த்த மையத்தில் அந்த ஒழுங்கைக் காத்தவன் நான் ஒருவன்தான். விசாரித்துப் பாருங்கள், ஐயா.

எண்பத்தேழு மார்ச்சில் என் மனைவி தெரசாவை நாய் கடித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அதேபோல நாய் கடித்து வந்த சமயநல்லூர் ஒச்சாயியும் அவளும் ஒரே பெஞ்சில் காத்திருந்து போட்டுக்கொண்டார்கள். மே மாதம் தெரசா தண்ணீர் டம்ளரைப் பார்த்து அலறினாள். உதட்டில் ஈரத்துணி வைக்கக்கூட விடவில்லை. மூன்றாம் நாள், "ஒரு ஊசி போடாம விட்டுட்டேனாங்க?" என்று கேட்டாள். அன்றே இறந்தாள்.

அவள் எதையும் விடவில்லை. மருந்துதான் கெட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அது ஜூனில் தெரிந்தது. அந்த மருந்தைப் போட்டுக்கொண்ட நூற்றுப் பதிமூன்று பேரையும் மறுபடி ஊசிக்கு அழைக்க வேண்டும். கடிதங்களை அச்சடித்துத் தபாலில் சேர்க்கும் வேலை எங்கள் மையத்துக்கு வந்தது. பெயர்களை நான்தான் ஏற்றினேன். ஆளுக்கு எண்பது எழுத்து இடம். இறந்தவள் பெயரை ஆஸ்பத்திரியில் யாரும் எடுக்கவில்லை; பட்டியலில் தெரசா நாற்பத்தாறாவது. ஒச்சாயி நாற்பத்தேழாவது.

கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைக் குறித்த அளவோடு வெட்ட ஒரு வரி போதும். கட்டளை, கோப்பின் பெயர், அளவு. மிச்சத்தை இயந்திரம் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். நாற்பத்தாறை எண்பதால் பெருக்கி, 3680 என்று அடித்தேன். தெரசாவுக்குப் பிறகு ஒருவரைக் கூப்பிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நாற்பத்தாறு கடிதங்கள் போயின. அவளுக்கு வந்ததைத் தபால்காரரிடம் நானே வாங்கினேன்.

ஜூலையில் ஒச்சாயியின் கணவர் சோணை என்னைத் தேடி வந்தார்.

"மறுபடி ஊசி போடச் சொல்லி கடுதாசி வருதாம்ல தம்பி? எங்களுக்கு வரலையே?"

"வரலைன்னா உங்களுக்கு வேணாம்னு அர்த்தம்ணே."

"அப்பாடா. அவ வாய்க்கு, கடிச்ச நாய்க்குல்ல ஊசி போட்டிருக்கணும்" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். "தெரசாவ நெனைக்காமப் பேசிட்டேன். கோவிச்சுக்கிறாதீக."

டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டேன்.

ஆகஸ்டில் ஒச்சாயி இறந்தாள். அவளோடு சேர்த்து ஏழு பேர் என்கிறீர்கள். ஏழு பேரும் என்னால்தான். ஆனால் அந்த ஒரு மாதம் சோணை பயமில்லாமல் தூங்கினார். அதைக் கொடுத்தவன் நான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.