ரிட்டர்ன் போட்டாச்சு சார்

இல்லீங்க சார், நீங்க தேடி வந்த ஆளு இங்க இல்ல. போயிட்டா. தெரேஸைத்தானே கேக்கறீங்க? சைகோன்ல சண்டை முடிஞ்சப்ப சிலுவைமுத்து கூட்டிக்கிட்டு வந்தானே, அந்த பாரின் பொண்டாட்டி? அவளை ரிட்டர்ன் போட்டாச்சு. இன்கம் டாக்ஸ் ஆபீஸுலேருந்து வர்றேன்னு தெருமுனையில வழி கேட்டீங்களே, அப்பவே எனக்குத் தெரியும் இதுக்குத்தான் வர்றீங்கன்னு. நானா? நான் சிலுவைமுத்துக்கு அக்கா. அற்புதமேரி. கூடப் பொறந்தவ. உக்காருங்க சார். அந்த பெஞ்சு ஒரு பக்கம் ஆடும், செவுத்தோரமா உக்காருங்க.

அவரு வூட்ல இல்லீங்க, உப்பளத்துக்குப் போயிருக்காரு. அவன். போயிருக்கான். தம்பிதான் சார், ஆனா வெளிநாடு போயிட்டு வந்தவன் இல்லையா, மரியாதை தானா வந்துடுது.

மோர் குடிங்க. என்னா சார், என் மூஞ்சியையே பாக்கறீங்க? ஓ, கண்ணா? அது உப்பளத்து வெயில் சார். பாத்தி பாத்தியா வெள்ளை வெளேர்னு மின்னுதா, அதைப் பாத்துப் பாத்து இப்பிடி இடுங்கிப் போச்சு. மரக்காணத்துல முக்காவாசிப் பேருக்கு இப்பிடித்தான். மூக்கா? மூக்கும் வெயில்தான்.

சத்தியமா போயிட்டா சார். கப்பல்ல. எந்தக் கப்பலுன்னா எனக்கு எப்பிடித் தெரியும், பெருசா இருந்துது. மெட்ராஸ்ல ஏத்திவிட்டோம். எல்லாம் உங்க ஆபீஸ்ல சொன்னதாலதான்.

ஆமா, உங்க ஆபீஸ்தான்! சைகோன்ல துணிக்கடையில வேலை பாத்து சேத்ததை இங்க பேங்க்ல போட்டான். பேங்க்காரங்க டாக்ஸ் ஆபீஸ்ல கேட்டுக்கப்பான்னு அனுப்பிட்டாங்க. அங்க ஒரு கண்ணாடிக்காரரு, பாரின்லேருந்து சம்சாரத்தோட வந்திருக்கியா, அப்ப அந்தம்மாவுக்கும் ஜூன் முடியறதுக்குள்ள ரிட்டர்ன் போட்டுடு, இல்லன்னா வூடு தேடி ஆள் வருவாங்கன்னு சொல்லிட்டாரு. வந்து பொத்துனு உக்காந்தான் மனுஷன். அன்னிக்கு வஞ்சிர மீன் கொழம்பு சார், தொடவே இல்ல.

ரிட்டர்ன் போடறதுன்னா எங்களுக்குத் தெரியாதா? உப்புல சேறு இருந்தா, ஈரம் இருந்தா, வியாபாரி மூட்டையைத் திரும்ப லாரியில ஏத்தி அனுப்பிடுவான். ரிட்டர்ன் போட்டுட்டான்னு சொல்லுவாங்க. அந்த மூட்டையை அப்புறம் ஒருத்தனும் சீந்தமாட்டான். உப்பைப் போடு, வேணாங்கல. ஒரு பொண்ணைப் போடலாமா? அவகிட்ட என்னா சேறு இருந்துது?

தங்கமான பொண்ணு சார். நானே சொல்லிக்கக் கூடாது... நாத்தனார்காரி வாயால இதையெல்லாம் சொல்லக் கூடாதுன்னு சொல்ல வந்தேன். எந்த ஊர்ல சார் நாத்தனார் தம்பி பொண்டாட்டியைப் புகழறா? நான் புகழறேன்னா பாத்துக்குங்க. கோயில்ல பாட்டுப் பாடினா சாமியாரே பூசையை மறந்துட்டு நிப்பாரு. தலைமுடி இந்தா, இவ்ளோ நீளம். அவங்க அப்பா காரைக்கால்காரரு, சைகோன்ல வாட்ச்மேன். அம்மா அந்த ஊரு. அப்பா வூட்ல தமிழ்தான் பேசுவாரு. அதனால இங்க வந்ததும் சடசடன்னு நம்மளை மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டா. குழாயடியில ஒருத்தி கிட்ட நெருங்க முடியாது.

வாடையா? அந்த ஜாடிதான் சார். நெத்திலியையும் உப்பையும் போட்டு மாசக்கணக்குல மூடி வச்சா தண்ணி எறங்கும், அதை ஊத்தி சமைக்கறது. அவ ஊரு பழக்கம். மொதல்ல பக்கத்து வூட்டு கொளஞ்சியம்மாள் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் பேசும். இப்ப அதுவே கிண்ணத்தோட வந்து நிக்குது. நேத்துகூட வாங்கிட்டுப் போச்சு.

யாரு குடுத்தாவா? நான்தான் குடுத்தேன். அவதான் போயிட்டாளே.

அங்க போயி அவ யாருகிட்ட நிப்பா சார்? அப்பா அம்மா ரெண்டு பேரும் சண்டையில போயிட்டாங்க. ஊரு பேரையே மாத்திட்டாங்களாம். கூட வாழ வந்த மனுஷன் இங்க, தெருவுல அண்ணிங்கறதுக்கும் அக்காங்கறதுக்கும் ஆளு இங்க. அதை விட்டுட்டுப் போன்னா எனக்கு எப்பிடி மனசு வரும்? அவளுக்கு. அவளுக்கு மனசு வராதில்ல, அதைச் சொன்னேன். அழுவல சார். வெயில்.

என்னாது? பேப்பரா? ஆளை அனுப்பறது இல்லையா? எவ்ளோ சம்பாதிச்சோம்னு எழுதிக் குடுக்கற பேப்பருக்குப் பேரு ரிட்டர்னா? ஏன் சார், அதுக்கு வேற பேரே கெடைக்கலையா உங்களுக்கு? ஒரு மாசமா அந்த மனுஷனுக்குத் தூக்கம் இல்ல! ரோட்டுல ஜீப் சத்தம் கேட்டா என்னை இழுத்துக்கிட்டுப் போயி உப்பு அம்பாரத்துக்குப் பின்னால உக்கார வச்சுடுவாரு. முதுகெல்லாம் உப்பு. ராத்திரி ஒரே அரிப்பு. சிரிக்காதீங்க சார், உங்களுக்கு அரிச்சா தெரியும்.

இருங்க, இருங்க. என்னா எழுதறீங்க? அவ நாட்டை விட்டுப் போயிட்டாள்னா? ஐயையோ, அதை எழுதாதீங்க! கவர்மெண்டு பேப்பர்ல போயிட்டாள்னு எழுதிட்டீங்கன்னா அப்புறம் அவ எப்பிடி சார் இங்க இருக்கறது? நான்தான் சொன்னேன், இல்லங்கல. பயத்துல சொன்னது. கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல, மெட்ராஸையே நான் வந்து எறங்கின அன்னிக்குப் பாத்ததோட சரி. அடிங்க சார். இன்னொரு கோடு போட்டு நல்லா அடிங்க. உள்ள இருக்கற எழுத்து தெரியுது பாருங்க, இன்னும் ஒண்ணு. ஆங், அப்பிடி.

வருமானமா? ஜாக்கெட் தைக்கறது உண்டு. அதுல பாதிப் பேரு அப்புறம் தர்றேம்மான்னு போறவங்க, அவங்களையும் எழுதணுமா? வேணாமா? நல்லது.

எங்க போடணும், இந்தக் கோட்டு மேலயா? பேனா குடுங்க. சார், ஒரு சந்தேகம். பாஸ்போர்ட்டுல நான் பிரெஞ்சுல கையெழுத்துப் போட்டிருக்கேன். இதுல தமிழ்ல போட்டா ஒத்துக்குவாங்களா? தெரேஸ் சிலுவைமுத்துன்னு முழுசா எழுதப் பழகி வச்சிருக்கேன்.