பொட்டு வைத்த கார்டு

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் ஃபெரியில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் லண்டன் போய்த் திரும்பியவர், இளையவர் அடுத்த வாரம் மெல்பர்ன் போகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவர் சொன்ன ஒன்றுதான் என்னைக் காதைத் தீட்டிக்கொள்ள வைத்தது.

“கார்டுக்குப் பொட்டு வெச்சதுலதான் மானம் போகப் பாத்துச்சு லா.”

“கார்டுக்கா?”

“பேங்க்ல குடுத்த புது கார்டு. புதுக் காடி எடுத்தா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கிறோம்ல, அந்த மாதிரி சாமி மேடையில வெச்சு சந்தனம், குங்குமம் வெச்சேன். லண்டன்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல குடும்பமா நாலு பேரும் நல்லா சாப்பிட்டாச்சு. கையில காசு இல்ல. மெஷின்ல கார்டச் சொருகினா மூணு தடவையும் எடுக்கல. எங்க வீட்டுக்காரர் முகத்துல ஈயாடல.”

“அப்புறம்?”

“பில்லு கொண்டாந்த பொண்ணு கார்ட வாங்கிப் பாத்துச்சு. அந்தத் தங்கக் கலர் சிப்பு மேல சிவப்பா ஒட்டியிருந்தத துணியால தொடச்சுப் போட்டுச்சு. உடனே எடுத்துக்கிச்சு. டிப்ஸ் எவ்வளவுன்னு மெஷின் கேட்டப்ப, இவரு சந்தோஷத்துல இருக்கிறதுலயே பெருச அமுக்கிட்டாரு. நம்ம மலேசியா வெள்ளிக் காசுல எவ்வளவு ஆச்சுன்னு நான் இன்னும் கேக்கல.”

இருவரும் தோளோடு தோள் இடித்துச் சிரித்தார்கள். இளையவரின் சிரிப்பு முதலில் நின்றது. கைப்பையைத் திறந்து, பளபளவென்று ஒரு கார்டை எடுத்து, நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

“நான் குங்குமம் வெக்கலக்கா,” என்றார். “சந்தனம் மட்டுந்தான்.”