தட்டிப் பார்த்த மரம்

ஐயா,

தேவதாரு நல்ல மரம்தான். அவசரப்படுத்தினால் மட்டும் வெடிக்கும். முதலில் கிண்ணத்தைத் தடிமனாகக் கடைந்து, மெழுகு தடவி, நிழலில் ஒரு வருடம் போட்டுவைக்க வேண்டும். காய்ந்த பிறகு மறுபடி கடைசல் இயந்திரத்தில் ஏற்றி மெல்லிசாக இழைக்க வேண்டும். அப்போதும் சிலதில் உள்ளே விரிசல் விட்டிருக்கும். அது கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றாது. உளிப்பிடியால் தட்டினால் நல்ல மரம் 'டங்' என்று பேசும். விரிசல் கண்ட மரம் 'பொத்' என்னும், ஈரத்துணி தரையில் விழுந்த மாதிரி.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் விசாரணை அறிக்கையின் நகலைத் தம்பி மனைவி நேற்று கொண்டுவந்து காட்டினாள். "மரத்தைத் தட்டிப் பார்க்காமல் இயந்திரத்தில் ஏற்றியதால் நேர்ந்த விபத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அவள் அழுதாள். அந்த வரி தவறு. எங்கள் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டிப் பார்க்காத மரம் ஏறியதில்லை. செத்தவன்மேல் அந்தப் பழி நிற்கக்கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பட்டறையில் நாங்கள் இரண்டு பேர். கடைவது தம்பி. உப்புத்தாள் போட்டு, எண்ணெய் ஏற்றி, மெருகு கொடுப்பது நான். இயந்திரத்தின் இரைச்சல் எனக்கு ஆகாது என்பதால் ஆரம்பத்திலேயே அப்படிப் பிரித்துக்கொண்டோம். பிரித்தது நான். பதினோரு வருடத்துக்கு முன் அவனுக்கு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. அதன் பிறகு அவனுக்கும் சேர்த்து நானே கேட்டேன்.

மரத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். "அண்ணே, தட்டிச் சொல்லு." தட்டுவேன். "ஏத்து" என்றால் ஏற்றுவான். தலையை ஆட்டினால் விறகில் போடுவான். ஒரு தரம்கூட என் பேச்சைச் சந்தேகித்ததில்லை. மரக்கடைக்காரர் சொல்வார்: "காது அண்ணன்கிட்ட, கை தம்பிகிட்ட. ரெண்டையும் சேத்தாத்தான்யா ஒரு முழு ஆளு."

"என்ன சொல்றாருண்ணே?"

"உன்னைப் புகழ்றாரு."

"பொய். புகழ்ற மூஞ்சியா அது?"

இப்படி ஒரு நாளைக்கு நூறு தரம். வாடிக்கையாளர் சொன்னது, போனில் வந்தது, அவன் மகள் மாடியிலிருந்து கூப்பிட்டது என்று எல்லாவற்றையும் நான் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் தாடை வலிக்கும். களைத்துப்போனேன் ஐயா. களைப்பு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். விசாரிக்க வந்த இரண்டு நாளும் நாற்காலியில் உட்கார்ந்ததும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தம்பி மனைவி அவனை அழைத்துப்போய்க் காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டு வந்தாள். "இனிமே உங்களுக்கு விடுதலை மாமா. எல்லாம் அவரே கேட்டுக்குவாரு" என்றாள். நல்ல பெண். மறுநாள் மரக்கடைக்காரர் ஏதோ சொல்ல, தம்பி என்னைப் பார்க்காமலே சிரித்தான். போனையும் அவனே எடுத்தான்.

திங்கட்கிழமை, அவன் வருவதற்கு முன், காய்ந்திருந்த கிண்ணங்களைத் தட்டிப் பார்த்தேன். அதில் பெரியது 'பொத்' என்றது. அடியின் நடுவிலிருந்து விளிம்பு வரை மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. விறகில் போட வேண்டியதுதான் முறை. நான் அதை மேசைக்கு எடுத்துப்போனேன். கோட்டில் பசை விட்டு, தேவதாருத் தூளையே தூவி அழுத்தி, உப்புத்தாள் போட்டு, மேலே பழைய மெழுகைத் தேய்த்தேன். பசை உள்ளே இறங்கினால் மரம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் இறங்கவிடவில்லை, மேலோடு நிறுத்தினேன். பென்சில் சீவின வாசனை வந்தது. இத்தனை வருடத்தில் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமானது அதுதான்.

புதன்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழக்கம் விடாது. "அண்ணே, தட்டிச் சொல்லு."

தட்டினேன். அவன் முகம் மாறியது.

"என்னண்ணே, பொத்துன்னு கேக்குது?"

"புது மெஷின்டா. காது பழகணும். எனக்கு டங்குன்னுதான் கேக்குது."

சிரித்தான். "இதை வாங்கி மாட்டியும் உன் காதுதான் கதி போல."

"ஏத்து" என்றேன்.

ஏற்றினான். முகத்துக்குப் போடும் கண்ணாடிக் கவசத்தை மாட்டினான். அதன் பட்டை காது மெஷினை அழுத்தியது. "கீச்சுன்னு கத்துதுண்ணே" என்றான்.

"கழட்டி வை."

"எதை?"

"கவசத்தை."

கழற்றி ஆணியில் மாட்டினான். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். கிண்ணம் சுற்றத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு அவன் வேகத்தைக் கூட்டினான். விளிம்பை இழைக்க வேகம் வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும்.

பாதிக் கிண்ணம் அவன் கழுத்தில் அடித்திருந்தது. நான் உள்ளே போனபோது காது மெஷின் தரையில் கிடந்து கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. முதலில் கடைசல் இயந்திரத்தை நிறுத்தினேன். பிறகு அந்தக் கீச்சை நிறுத்தினேன். பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஆகவே அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். மரம் தட்டிப் பார்க்கப்பட்டது. தட்டியவன் நான். விரிசல் இருந்தது தெரிந்தே, நல்ல மரம் என்று சொன்னேன். அவனுக்குச் சரியாகத்தான் கேட்டது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் காதை நம்பாமல் என்னை நம்பினான்.

காரணம் என்ற இடத்தில் களைப்பு என்று போடுங்கள். பதினோரு வருடக் களைப்பு. அந்தக் கடைசி ஐந்து நாளில் "என்ன சொல்றாங்கண்ணே" என்று அவன் ஒரு தரம்கூட என் பக்கம் திரும்பவில்லை என்பது உண்மைதான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.