கடைசி நம்பருக்கு அப்புறம் எதுக்கு நெக்ஸ்ட்?

...இப்ப ஒருத்தர் எந்திரிச்சு, "சார், நம்ம சேவை மையத்துக்கு வர்ற ஜனங்களுக்கு எத்தனை போர்டு வெச்சாலும் புரிய மாட்டேங்குது"ன்னு சொன்னாரு. கோவப்படாம உக்காருங்க சார். உங்களுக்காகவே ஒரு குட்டிக் கதை வெச்சிருக்கேன்.

ஒரு பாலிடெக்னிக். அங்க மைக்ரோபிராசசர்னு ஒரு பாடம். கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற சில்லுக்கு நம்பர் நம்பரா ஆர்டர் போட்டுப் பழகணும். அதுக்கு லேப்ல கிட்னு பட்டன் வெச்ச பழகுற கருவிங்க உண்டு. ஆனா பாதி கிட்டுக்கு உசுரே இல்ல! கடைசி வருசம் படிக்கிற இசக்கிராஜ் பாத்தான். அந்தக் கிட்டை அப்படியே கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல கொண்டு வந்துட்டான். அதுக்குப் பேரு சிமுலேட்டர். கெட்டிக்காரப் பய!

கிட்ல என்ன வழக்கம்? ஒரு நம்பர் அடிச்சா 'நெக்ஸ்ட்' அமுக்கணும். அப்பத்தான் நம்பர் உள்ள போகும். ஸ்கிரீன்லயும் அதே மாதிரி வெச்சான். கடைசி நம்பர் என்ன தெரியுமா? 'நில்லு'ங்கிற ஆர்டர். அதை அடிச்சிட்டு எல்லாரும் நேரா 'ரன்' அமுக்கினாங்க. 'நில்லு' உள்ள போகல, எங்க நிக்கணும்னே அதுக்குத் தெரியல... ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு போச்சு.

ஜூனியர் பொண்ணு செல்வமேரி. இந்தப் பாடத்துல ஏற்கெனவே அரியர். இந்தத் தடவையும் போச்சுன்னா டிப்ளமோ கையில வராது. அவளுக்கும் உறைஞ்சுது.

"அண்ணே, மறுபடி உறைஞ்சு போச்சுண்ணே."

"கடைசியா நெக்ஸ்ட் அமுக்குனியா? ஸ்கிரீன்ல கீழ எழுதியிருக்கேன்ல?"

அடுத்த வாரம் அதைச் சிவப்புல எழுதினான். அப்பவும் உறைஞ்சுது. அதுக்கப்புறம் அந்த எழுத்தைச் சுத்திப் பெட்டி போட்டு, மின்ன விட்டான். அப்பவும் உறைஞ்சுது! இவனுக்கு வந்துச்சே கோவம்...

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! படிக்காம அமுக்கினா நான் என்ன பண்றது?"

அந்தப் பொண்ணு அழுதுட்டா. "எனக்கு அவ்வளவுதாண்ணே புத்தி. இந்த எலக்ட்ரானிக்ஸே எனக்கு வேண்டாம்"னு பையைத் தூக்கிட்டுப் போயிட்டா.

அடுத்து வந்தது இசக்கிராஜோட புராஜெக்ட் தேர்வு. செஞ்ச சிமுலேட்டரை ஓட்டிக் காட்டணும். வெளியூர்ல இருந்து எக்ஸாமினர் வந்து முன்னாடி உக்காந்திருக்காரு. ஜூனியருங்க எல்லாரும் வந்தாகணும், அவங்க பின்னாடி. இசக்கிராஜ் அடிக்கிறான் பாருங்க... டக் டக் டக்குனு! கடைசி நம்பர் அடிச்சான். கெத்தா ஒரு பார்வை பாத்தான். ரன் அமுக்கினான்...

உறைஞ்சு போச்சு!

எழுதினவன் யாரு? அவன். மின்ன விட்டவன் யாரு? அவன். அமுக்க மறந்தவன்? அவனேதான்! பின்னாடியிருந்து மெதுவா ஒரு குரல். பையைத் தூக்கிட்டுப் போனாளே, அதே செல்வமேரி.

"அண்ணே... நெக்ஸ்ட் அமுக்கல நீங்க."

கூட்டம் சிரிச்சுது. எக்ஸாமினர் சிரிக்கல. "ஏன் தம்பி, கடைசி நம்பருக்கு அப்புறம் அடுத்துன்னு ஒண்ணுமே இல்லையே. அப்புறம் எதுக்கு நெக்ஸ்ட்?"னாரு.

நல்ல பய. அன்னைக்குச் சாயங்காலமே உக்காந்து மாத்தினான். ரன் அமுக்கினாலே கடைசி நம்பர் தானா உள்ள போயிடும். அம்புட்டுதான் வேலை! சிவப்பு எழுத்து, பெட்டி, மின்னுறது எல்லாத்தையும் தூக்கிப் போட்டான். செல்வமேரியைக் கூப்பிட்டு உக்கார வெச்சான். அவ அடிச்சா, அமுக்கினா, ஓடுச்சு. அவ திரும்பி என்ன கேட்டா தெரியுமா?

"அப்ப... என் புத்தியில கோளாறு இல்லையாண்ணே?"



இப்ப உங்ககிட்ட வர்றேன். நம்ம கவுண்டருக்கு வந்துட்டு, எனக்கு இதெல்லாம் வராதுப்பான்னு தன்னையே திட்டிக்கிட்டுத் திரும்பிப் போறவங்க எத்தனை பேரு? ஒருத்தர் தப்புப் பண்ணா சொல்லிக் குடுங்க. வர்றவங்க எல்லாரும் ஒரே இடத்துல தப்புப் பண்ணா? தயவுசெஞ்சு அங்க இன்னொரு போர்டு மாட்டாதீங்க. ஆடுறவங்களை விட்டுட்டுக் கூடத்தைப் பாருங்கய்யா... சில நேரம் அது நெசமாவே கோணலாத்தான் இருக்கும்.