பீரோவுக்குள் எரிந்த பல்பு

தீவு மழைக்கு ஷட்டரை இறக்கிவிட்ட புரோத்ராபூர் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"என் பட்டுப்புடவையெல்லாம் கொடியில கெடக்கும். பீரோவுக்குள்ள பல்பு எரிஞ்சது என் மகனோட கிடாருக்கு."

"கிடாருக்கு எதுக்குக்கா பல்பு?"

"இந்த பாரிஷ்ல, மழை ஈரத்துல, பூஞ்சை புடிச்சிரும்ல. அந்தச் சூடு இல்லன்னா மரம் வளைஞ்சிரும்னு சொல்லுவான். எங்க பீரோவும் மரம்தான், கதவுல ஆளுயரக் கண்ணாடி. மழை வந்தா கதவு உப்பி இறுகிக்கும். உள்ளங்கையால மூணு தட்டு தட்டித்தான் திறப்பான்."

"இப்ப மெயின்லேண்டுல பெரிய ஆளாமே?"

"ஆமா. கிளாசிக்கல் கிடார், கச்சேரிக்கு வெளிநாடெல்லாம் போறான். சொந்தமா மியூசிக்கும் போடுறான். வீட்டுக்கு வரத்தான் சுட்டி கிடைக்கல, ஒரு நாள் லீவு இல்ல. நேத்து அவன் கச்சேரிய போன்ல பார்த்தேன். புதுசா அவனே போட்டதாம். வாசிச்சிக்கிட்டே வந்தவன் நிறுத்திட்டு, கிடார் மேல உள்ளங்கையால மூணு தட்டு தட்டுனான். அங்க ஒருத்தர் மூச்சு விடல."

"நீங்க என்னக்கா செஞ்சீங்க?"

"'மெதுவாடா, கண்ணாடி ஒடஞ்சிரும்'னு கத்திட்டேன்."