மணந்து பாராத வாய்

முதலாளியின்ரை மாமி சிவக்கொழுந்துதான் தம்பி எனக்கு முதல் அநியாயம் செய்தது. மற்றவையெல்லாம் பிறகுதான். முதலாளி கனகலிங்கத்தைக்கூட நான் ரெண்டாவதாத்தான் வைச்சிருக்கிறன். அவர் அவவின்ரை மருமோன். வெங்காய யாவாரி எண்டு பேர், மாமி அழச் சொன்னாத்தான் வெங்காயம் உரிச்சாலும் அழுவார்... உதிலை இரும், கேற் திறக்க நேரம் கிடக்கு. புது லொறி றைவர்தானே? கடற்கரைப் பக்கம், பொலிகண்டியோ? சரி, சரி.

உம்மிலை எனக்குக் கோவமில்லை. உந்த லொறியைச் சுன்னாகத்திலையிருந்து கொழும்புக்கு ஓடினவன் நான், பரமலிங்கம். இனி நீர் ஓடப்போறீர். ஓடும். ஆனா முதல் வாயை ஊதிக் காட்ட வேணும், தெரியுந்தானே?

போன மாரியிலை கதிரவேலு எண்டவன் குடிச்சிட்டுப் போய், முதலாளியின்ரை மற்ற லொறியை மாங்குளத்திலை வாய்க்காலுக்கை குப்புறப் போட்டான். அதோடை வந்த சட்டம். குடிக்கேல்லை எண்டு ஊதிக் காட்டினாத்தான் லொறியைக் கிளப்பத் திறப்பு கையிலை வரும். நல்ல சட்டம், நானும் தலையாட்டினனான். ஆனா ஊதுற வாயை ஆர் மணந்து பாக்கிறது? முதலாளியின்ரை மூக்கு மூக்குப்பொடியோடை போச்சு, சாணியையும் சாம்பிராணியையும் பிரிச்சறியமாட்டார். கணக்கப்பிள்ளை எங்களையும்விடக் குடிகாரன். மிச்சம் மாமிதான். அவவின்ரை மூக்கைப் பற்றி ஊரிலை கேட்டுப் பாரும். பக்கத்தூர் உடுவிலிலை ஆரும் மீன் பொரிச்சா, இவ இஞ்சை இருந்து முகத்தைச் சுழிப்பா. சுத்த சைவம். வெள்ளிக்கிழமையிலை மீன், இறைச்சி, மச்சம் எண்ட சொல்லையே வளவுக்கை விடமாட்டா.

நான் குடிகாரன் இல்லைத் தம்பி... என்ன சிரிக்கிறீர்? அண்டைக்கு மத்தியானம் தவறணையிலை அரைப் போத்தில் கள்ளு, அவ்வளவுதான். வெய்யில் அப்பிடி. பின்னேரம் மூட்டை ஏத்தியாச்சு, திறப்பு எடுக்க வேணும். வாயிலை மணம் போகேல்லை. வெத்திலை சப்பினன், கொய்யா இலை சப்பினன்... ம்கும். தவறணை இளையதம்பி சொன்னான், 'அண்ணை, உதெல்லாம் சரிவராது. சூடைக் கருவாடு ஒண்டைச் சுட்டுக் கடியுங்கோ. அதைத் தாண்டி ஒரு மூக்கும் உள்ளை போகாது' எண்டு. நல்ல மூளைதானே? சுட்டும் தந்தான். கடிச்சன்.

ஓம், வெள்ளிக்கிழமை. நான் மறந்து போனன். அவனுக்காவது ஞாபகம் இருந்திருக்க வேணும். அவனை மூண்டாவதா வைச்சிருக்கிறன்.

போய் நிண்டன். அவ தலைமுழுகி, மருதனார்மடத்து ஆஞ்சநேயரிட்டைப் போக வெளிக்கிட்டுப் பூத்தட்டோடை நிக்கிறா. ஊது எண்டா. ஊதினன். முழுசாக்கூட ஊதேல்லை. 'மச்சம்' எண்டு ஒரு குழறல். பூத்தட்டு ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். பிறகு பாத்தா, கிணத்தடியிலை நிண்டு வாளி வாளியா அள்ளித் தலையிலை ஊத்துறா.

நான் என்ன செய்ய? உள்ளதைச் சொன்னன். 'அம்மா, நான் மச்சம் திண்டவன் இல்லை. கள்ளுத்தான் குடிச்சனான். கருவாடு மணத்தை அமத்த மட்டுந்தான்.' முதலாளி என்னை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டு போய்க் காதுக்கை சொல்லுறார், 'விசரா, கள்ளோடை மட்டும் நிண்டிருந்தா நான் எப்பிடியும் சமாளிச்சிருப்பன். வெள்ளிக்கிழமைக் கருவாட்டுக்கு நான் மாமியிட்டை என்னத்தைச் சொல்லுறது?' கேட்டீரோ? குடிக்கப்படாது எண்டு சட்டம் போட்ட மனிசன் கதைக்கிற கதை. அதோடை என்ரை திறப்பும் போச்சு.

நான் கேக்கிறது ஒண்டுதான். சட்டம் குடிக்கோ, கருவாட்டுக்கோ? குடிக்கு. குடிக்கு அவ என்ரை வாயை மணந்து பாத்தவவோ? இல்லை. மணக்காமல் லொறியைப் பறிச்சா அது என்ன ஞாயம்? அண்டையிலையிருந்து ஒவ்வொரு பின்னேரமும் பல்லு விளக்கி, ஒரு சொட்டும் தொடாமல் இந்தக் கேற்றடிக்கு வாறன். அவ யன்னலைச் சாத்துறா. யன்னலுக்கு என்னெண்டு ஊதுறது?

இந்தா, கூப்பிடினம். போம் தம்பி. வாயை வடிவாத் திறந்து ஊதும்.

...என்ன, அதுக்கிடையிலை வந்திட்டீர்? திறப்பும் தந்திட்டாவோ? கடற்கரையிலை பிறந்த உம்மையே மணந்தவவுக்கு என்னை மணக்க ஏலாதாம். பாரும், எவ்வளவு நேரம் எடுத்தது? அவ இழுத்தது ஒரு மூச்சு.

நில்லும், லொறியை எடுக்காதையும். திரும்பிப் போய் ஒரு சொல்லுச் சொல்லும். பரமலிங்கம் வாயைத் திறந்துகொண்டு கேற்றடியிலை நிக்கிறானெண்டு. ஒருக்கா மணந்திட்டுக் குடிகாரன் எண்டாவது சொல்லட்டும்... தம்பி... கிளச்சை மெல்ல விடும், அது இழுத்தடிக்கும்... தம்பி...

போறான். அவவிட்டையிருந்து அந்த ஒரு மூச்சு எனக்கு இன்னும் வரவேண்டிக் கிடக்கு.